பெட்டிதான் ஊதுச்சுன்னு எழுதிக்குங்க

ஆமா சார், சத்தம் வந்துச்சு. அதை யாரு இல்லேன்னா? கீழத் தெரு மொத்தமும் கேட்டுச்சு. கேட்டு எழுந்து மேல ஏறி, பள்ளிக்கூட மொட்டைமாடிக்குப் போயிடுச்சு. ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் இல்ல. அதெல்லாம் நிஜம். ஆனா தானா ஊதும்னு உங்க இலாகா வச்ச அந்தப் புதுப் பெட்டிதான் ஊதுச்சான்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு நான் கொஞ்சம் உக்காரணும். நீங்களும் உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், ஆனா விழாது. சுவத்துல மட்டும் சாஞ்சுடாதீங்க, இன்னும் ஈரம் காயல. அந்தோ அந்தச் சேத்துக் கோடு தெரியுதுல்ல, உங்க தோளுக்கு நேரா? அது வரைக்கும் தண்ணி நின்னுச்சு.

ஐயோ, அதைத் தொடாதீங்க சார். வெள்ளம் வந்தா கையால சுத்தி ஊதுற இந்தச் சங்கோட கைப்பிடியில சுத்தியிருக்கே, அந்த இஞ்சு டேப்பு. அது சர்க்கார் சாமான் இல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும், அதுக்கு அப்புறம் வரேன்.

நான் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்ங்கிறீங்க. புரியுது. இத்தனை வருஷம் இந்த ரூம்ல உக்காந்து ஆத்தைப் பார்த்துச் சங்கு சுத்தினவன் நான். நானே பெட்டிதான் ஊதுச்சுன்னு சொல்லிட்டா, தலைநகரத்துல கேள்வி கேக்க ஆள் இருக்காது. ஆறு நெடுக இருக்கிற எல்லா ரூம்லயும் ஆளை எடுத்துட்டுப் பெட்டியை வச்சுடலாம். அங்கல்லாம் என்னை மாதிரி ஒவ்வொருத்தன் இருக்கான் சார். அவன் சோத்துல கை வைக்கிற வார்த்தையை நின்ன வாக்குல சொல்லிட்டுப் போயிட முடியுமா?

என் மேல கோபப்படாதீங்க. எனக்கு இந்த வாக்குவாதம் புதுசு இல்ல. மத்திய சர்க்கார் எவ்வளவு பெருசா இருக்கணும், எதுக்குச் செலவு பண்ணணும், எதுக்குப் பண்ணக்கூடாது, இதையே பேசிப் பேசி எங்க வீட்டுல ரெண்டு பேரு பாதி ஆயுசை ஓட்டிட்டோம். ஒண்ணு நான். இன்னொண்ணு என் தங்கச்சி வீட்டுக்காரன்.

டெய்லர் அவன். மேலத் தெருவுல கடை. ஊர்ல அவனுக்குப் பேர் கத்திரி. தொழிலை வச்சு வந்த பேருன்னு நினைக்காதீங்க. மத்திய சர்க்கார்னு யாராவது வாயைத் திறந்தா போதும், வெட்டணும்பான். அந்த இலாகாவை வெட்டு, இந்த வாரியத்தை வெட்டு, மேற்பார்வைக்கு மேற்பார்வை எதுக்குடா, அதையும் வெட்டு. அதனால கத்திரி. தங்கச்சி புருஷன்னாலும் எனக்கு ஒண்ணாப் படிச்சவன், அதனால மாப்ள, வாடா, போடாதான். அவளுக்குத்தான் அது பிடிக்காது. ஏண்ணே, அவருக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமான்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா.

சாயங்காலம் ஆனா நான் அவன் கடை பெஞ்சுல, அவன் மெஷின்ல. பக்கத்துல மருந்துக்கடை. அந்தக் கடைக்காரரு கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து வந்து நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் தூபம் போடுவாரு. மாப்ள ஆரம்பிப்பான். டேய், உங்க சர்க்கார் ஒரு தொளதொளச் சட்டைடா, உள்ள மூணு ஆளு போகலாம், துணிக்கு மட்டும் என்கிட்ட வசூல் பண்றான். நான் விடுவேனா? நீ பிடிச்சுத் தைச்சா அப்புறம் கையைத் தூக்க முடியாதே, ஆபத்துக்குக் கையைத் தூக்கணும்டாம்பேன். அவன் சிரிப்பான். ஆபத்துக்கு நம்ம கை இருக்கேடா, அவன் கை எதுக்கும்பான். அதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் மெஷினை வேகமா மிதிச்சு என் குரலை அமுக்கிடுவான். திமிரு பிடிச்ச பய.

அவன் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல சார். இந்தச் சங்குக் கைப்பிடியில முன்னாடி ஒரு மரக்கட்டை இருந்துச்சு. அது உடைஞ்சு போச்சு. வெறும் இரும்பு, சுத்தினா உள்ளங்கை கிழிஞ்சுடும். ஒரு மரக்கட்டை வேணும்னு கேட்டேன். உடைஞ்சது உண்மையான்னு பார்க்க ஜீப்புல ஒருத்தர் வந்தாரு. அவர் சரியாப் பார்த்தாரான்னு பார்க்க இன்னொருத்தர் வந்தாரு. கடைசியில என்ன வந்துச்சு தெரியுமா? ஒரு டின் கிரீஸ். யானையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய டின். இதை நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம அவன்கிட்டச் சொல்லித் தொலைச்சேன். ஊசியை நிறுத்திட்டுக் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். அன்னையிலேர்ந்து நான் எந்தப் பேச்சை எடுத்தாலும், கிரீஸ் வந்துச்சாடான்னு கேட்டு மூக்கை உடைச்சுடுவான். கைப்பிடிக்கு நான் துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் வேலையை ஓட்டினேன்.

எங்க சண்டை எங்க வந்து முட்டும்னா, நீ சங்கு ஊதாம விட்டா என்ன ஆகிடும்னு கேப்பான். ஆளுங்க செத்துப் போவாங்கடாம்பேன். யாரு செத்தா, காட்டு பார்ப்போம்பான். நான் ஊதினதாலதானே யாரும் சாகலம்பேன். அதை நிரூபிம்பான். எப்படி சார் நிரூபிக்கிறது? நடக்காததைக் கையில எடுத்துக் காட்ட முடியுமா? மருந்துக்கடைக்காரரு, இன்னைக்குக் கத்திரிக்குத்தான் ஜெயம்னு சொல்லிட்டுக் கடைக்குத் திரும்பிடுவாரு.

நீங்க எனக்கு அனுப்பின உத்தரவுலயும் அதேதானே சார் இருந்துச்சு? இந்த இடத்துல பல வருஷமா உயிர்ச்சேதம் இல்லை, ஆகவே ஆள் தேவையில்லை. என் பொண்டாட்டி படிச்சுட்டு, உங்க மாப்ளதான் எழுதிக் குடுத்திருப்பாரோன்னா. அவ்வளவு பொருத்தம்.

அதை எடுத்துக்கிட்டு நேரா அவன் கடைக்குத்தான் போனேன். ஆட்டம் போடுவான்னு நினைச்சேன். போடல. மெஷினை நிறுத்திட்டு உத்தரவை வாங்கிப் படிச்சான். உனக்கு மேல மேற்பார்வைக்குன்னு நாலு பேரு இருந்தாங்களே, அவங்கன்னு கேட்டான். இருக்காங்கன்னேன். ஜீப்பு? அதுவும் இருக்கு. முட்டாப் பசங்கடா, தொப்பைகிட்ட தொளதொளன்னு கிடக்கு, முழங்கையில கொண்டுபோய்க் கத்திரி வச்சிருக்காங்கன்னான். அப்படி ஒரு கோபம் அவனுக்கு. சரி, இப்பவாவது தோத்துட்டேன்னு சொல்லுவான்னு பார்த்தேன். அவனாவது சொல்றதாவது. விடுடா மாப்ள, சங்கு சுத்தறதுக்கு எதுக்குடா தலைநகரத்து உத்தரவு, நம்ம ஊரு, நம்ம கை, நாமளே பார்த்துக்கலாம்னான். மறுநாளே கிளம்பி வந்துட்டான், சொல்லிக் குடுன்னு.

சொல்லிக் குடுத்தேன் சார். எதையும் விடல. அளவுக் கம்பத்துல சிவப்புக் கோடு முங்கினா ஊதணும். முதல்ல மெதுவா, அப்புறம் வேகமா. இந்த ஜன்னல்லேர்ந்து கீழத் தெரு தெரியாது, மரவாடிக் கூரை மறைக்குது. பள்ளிக்கூட மாடி மட்டும்தான் தெரியும். அதனால எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு உண்டு. கடைசி ஆளும் ஏறிட்டா, மேல இருக்கிறவங்க கைப்பிடிச் சுவத்துல ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவாங்க. அது தெரியிற வரைக்கும் சுத்தணும். தெரிஞ்சா போட்டது போட்டபடி விட்டுட்டு, தரைப்பாலத்தைத் தாண்டி ஓடி வந்துடணும். அந்தத் துணியே அவன் தைச்சதுதான், எவனோ திரைக்குக் குடுத்த துணியில மிச்சம். இன்னொண்ணும் சொன்னேன். பாலத்து ஓரக் கல்லு முங்கப் போகுதுன்னா, துணியாவது ஒண்ணாவது, கிளம்பிடணும்னு. சரி சரின்னு தலையை ஆட்டினான். நான் மரவாடியில வேலைக்குச் சேர்ந்துட்டேன்.

அப்புறம்தான் உங்க ஆளுங்க வந்து வாசல்ல பெட்டியை நட்டாங்க. தண்ணி வந்தா தானா ஊதும், ஆளே வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க. ஊரே வந்து அதை வேடிக்கை பார்த்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் இங்க ஒரு பொட்டு மழை இல்ல சார். மேல எங்கயோ பேஞ்சிருக்கு. நான் மரவாடியில பலகை அடுக்கிக்கிட்டு இருந்தேன். திடீர்னு சங்கு. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. அட, பெட்டி வேலை செய்யுதேன்னு. ஆனாலும் கால் நிக்கல, கீழத் தெருவுக்கு ஓடினேன். கதவைத் தட்டி, கெழடு கட்டைகளைத் தூக்கி, எல்லாரையும் மாடிக்கு ஏத்தியாச்சு. தங்கச்சியும் மேலத் தெருவுலேர்ந்து குழந்தைங்களோட ஒத்தாசைக்கு முன்னாடியே வந்துட்டா. சங்கு ஊதிக்கிட்டே இருக்கு. பழக்க தோஷத்துல யாரோ அந்தச் சிவப்புத் துணியை எடுத்தாங்க. மருந்துக்கடைக்காரரு சொன்னாரு, அட யாருக்கய்யா காட்டப் போறே, பெட்டிக்கு ஏது கண்ணுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். வர்ற வழியில தண்ணியில விழுந்து நனைஞ்ச ஒரு குழந்தைக்கு அந்தத் துணியாலயே தலையைத் துவட்டினாங்க.

சங்கு நிக்கவே இல்ல. தண்ணி மரவாடி வாசலுக்கு வந்துடுச்சு, அப்பவும் ஊதுது. அப்புறம் ஒரு மாதிரி இறங்குச்சு. ஊஉன்னு இறங்கி, அமுங்கி, திரும்ப மெல்ல ஏறுது. மறுபடியும் இறங்குது, ஏறுது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் சார். தோள்பட்டை விட்டுப்போறப்போ ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்துவோம், அந்தச் சத்தம் அது. பெட்டிக்குக் கை வலிக்குமா?

தங்கச்சியைப் பார்த்தேன். அவரு எங்கேன்னு கேட்டேன். என் வாயிலேர்ந்து அவருன்னு வந்தது அப்பத்தான். கடையை அடைச்சுட்டு வரேன்னாரு அண்ணேன்னு சொன்னா. கடை மேலத் தெருவுல இருக்கு, அதுக்கு எதுக்கு ஆபத்து?

அந்தக் குழந்தை தலையிலேர்ந்து துணியைப் பிடுங்கிட்டு ஓடினேன். சுவத்து மேல ஏறி நின்னு வீசினேன். மாப்ள, வந்துடுடா, எல்லாரும் ஏறியாச்சுடா, போதும்டான்னு கத்தினேன். அந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கும்? ஓரக் கல்லு எப்பவோ முங்கிடுச்சு. நான் வீசிக்கிட்டு இருக்கும்போதே சங்கு நின்னுச்சு. துணியைப் பார்த்துட்டு அவன் நிறுத்தினானா, இல்ல தண்ணி வந்து நிறுத்துச்சான்னு தெரியல சார். நான் சாகுற வரைக்கும் எனக்குத் தெரியப் போறதில்ல.

தண்ணி வடிஞ்சதும் வந்து பார்த்தோம். கதவு திறந்து கிடந்துச்சு. கைப்பிடியில இந்த டேப்பு. எந்நேரமும் கழுத்துல கிடக்குமே, அதைக் கழட்டி இரும்பு மேல சுத்தியிருக்கான். கட்டை கேட்டாக் கிரீஸ் குடுக்கிற சர்க்கார்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேதான் சுத்தியிருப்பான். தேடுற படகு வந்துச்சு, ஒரு நாள் தேடுனாங்க. டீசலுக்கு அதுக்கு மேல உத்தரவு இல்லேன்னு திரும்பிட்டாங்க. அதுவும் சிக்கனம்தானே.

பெட்டியா? வாங்க, பின்பக்கம் வந்து பாருங்க. வயரைச் சுருட்டி வச்சது வச்சபடியே இருக்கு. இணைப்புக்கு அடுத்த வருஷம்தான் பணம் ஒதுக்குவாங்கன்னு, வெள்ளத்துக்கு அப்புறம் பார்க்க வந்த உங்க ஆளே சொல்லிட்டுப் போனாரு.

அப்போ அவனைப் பத்தி என்ன சார் எழுதுவீங்க? ஓ. அனுமதி இல்லாம உள்ள நுழைஞ்சவரு, அதனால இந்த அறிக்கையில அவர் பேரு வராது. வெள்ளத்துல இறந்தவங்க கணக்குலயும் வராது, அது கீழத் தெருக்காரங்களுக்கு மட்டும். சரிதான். அப்போ உயிர்ச்சேதம் இல்லை. ஆளும் தேவையில்லை. எழுதிக்குங்க சார், பெட்டிதான் ஊதுச்சுன்னு எழுதிக்குங்க. நான் இல்லேன்னு சொன்னா மட்டும் மாத்தவா போறீங்க? மத்திய சர்க்காருக்கு ஒரு செலவும் இல்லாம ஊரு தன்னைத் தானே பார்த்துக்கிச்சு. அவன் ஜெயிச்சுட்டான். தோத்துட்டேன்டான்னு சொல்லலாம்னா, பெஞ்சு இருக்கு, மெஷின் இருக்கு, எதிர்ல ஆளைக் காணோம்.

கிளம்புறீங்களா? பார்த்துப் போங்க, பாலத்துல வழுக்கும். அது ஒண்ணும் இல்ல சார், அந்தச் சிவப்பு. ஆமா, பள்ளிக்கூட மாடியிலதான். என் தங்கச்சி கட்டினது. காலையில வந்து காத்துக்குப் பறக்காம இருக்கான்னு முடிச்சைச் சரி பார்த்துட்டுப் போவா. எவ்வளவோ சொல்லியாச்சு, அவிழ்க்க விட மாட்டேங்கிறா. அண்ணே, அதைப் பார்க்காம அவரு கையை எடுக்க மாட்டாரு, அவருக்குத் தோள் வலிக்கும்ங்கிறா.