மஞ்சள் முக்கோணம்

— கம்ப்யூட்டர்ல இன்னும் அந்த மஞ்சள் முக்கோணம் போகலையாங்க?

— இரு… அதைத்தானே பாத்துட்டிருக்கேன். தலைக்கு மேல நின்னா எப்படி?

— நிக்காம? மூணு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. இப்பவே ரெண்டே முக்கால்!

— தெரியும்மா. அந்த வைஃபை ஸ்டிக்கை உருவிட்டு மறுபடி சொருகு… அங்க இல்ல, பின்பக்கம்.

— சொருகிட்டேன். லைட்டே எரியலை.

— அதை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் ஏறாம லைட் எப்படி எரியும்?

— அப்ப ஏத்துங்க! கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே உங்க பொழப்பு? பக்கத்து வீட்டுல இதே ஸ்டிக்கை டீ ஆறுறதுக்குள்ள போட்டுக் கொடுத்தீங்க.

— அது புது மெஷின். இது உன்னை மாதிரி… சொன்னா கேக்காது.

— சிரிக்கிற நேரமா இது?

— சரி சரி… டிரைவரை உன் போன்ல இறக்கியாச்சு, கேபிள் போட்டு இதுக்கு மாத்தியாச்சு, இன்ஸ்டாலும் பண்ணியாச்சு. அப்புறமும் அடம் பிடிச்சா நான் என்ன பண்ண?

— ரீஸ்டார்ட்?

— நீ தலை சீவப் போனப்பவே பண்ணிட்டேன்.

— அந்த கேபிள் வழியாவே போன் நெட்டை இதுக்குக் கொடுக்க முடியாதா?

— அது… பாதியில கட் ஆயிடும்.

— போன்லயே பேசிடறேனே?

— கணக்குப் பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருக்காங்கல்ல? அந்தக் குட்டி ஸ்கிரீன்ல என்னத்தைக் காட்டுவே?

— ஐயோ… பழைய ஸ்கூலை மூடினதுலேர்ந்து வீட்டுல உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குதுங்க. இதுவும் போச்சுன்னா இந்த வயசுல என்னை யார் கூப்பிடுவா?

— கூப்பிடுவாங்க… கூப்பிடாம என்ன.

— கிடைச்சா அந்த ஸ்கூல்லயே தங்கணும், லீவுக்குத்தான் வரமுடியும். நீங்க சரின்னுதானே சொன்னீங்க?

— சொன்னேன்… சொன்னேன்ல? அதை எதுக்கு இப்ப…

— ஸ்டிக்ல என்ன எழுதியிருக்கு, படிங்க.

— என் கண்ணாடி எங்க…

— நான் படிக்கிறேன். வெர்ஷன் ரெண்டு. நீங்க போட்ட டிரைவர்?

— ரெண்டுதான்.

— ஸ்கிரீன்ல ஒண்ணுன்னு இருக்கு.

— ஒண்ணா? அட… ஆமா. அவசரத்துல கவனிக்கலை.

— ஒவ்வொரு தடவையுமா?

— அது… கண்ணாடி இல்லாம…

— மழுப்பாதீங்க.

— மணி மூணாயிடுச்சு. விடு… இன்னொரு ஸ்கூல் வராமலா போயிடும்?

— போன இன்டர்வியூ அன்னிக்கு கரெக்டா பியூஸ் போச்சு. அதுக்கு முந்தி மைக் வேலை செய்யலை. எல்லாம் தானா நடந்துச்சு, இல்ல?

— ஏய், நான் என்ன வேணும்னேவா…

— வேணும்னேதான்.

— ஆமா! வேணும்னேதான்! நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசுவேன்? சுவத்துக்கிட்டயா? வாய் சரின்னு சொல்லிடுச்சு, மனசு கேக்கலைடி. போதுமா? திட்டு… எவ்வளவு வேணா திட்டு. மணிதான் தாண்டிடுச்சே.

— திட்டவெல்லாம் நேரமில்லைங்க. இன்டர்வியூ நாலு மணிக்கு. உங்களைத் தெரிஞ்சுதான் மூணுன்னு சொன்னேன். வெர்ஷன் ரெண்டை ஏத்துங்க… நான் பக்கத்துலயே உக்காந்து பாக்கறேன்.