இடது பக்கம் உக்காந்த காக்கா

சத்தியமா சொல்றேன் தலைவரே, ஒரு வார்த்தை கூட பொய் இல்ல. என் ரெண்டு கண்ணு மேல சத்தியம். வலது கண்ணுல புரை விழுந்திருக்கு, அதைக் கணக்குல சேக்க வேணாம். இடது கண்ணு மேல சத்தியம். அந்த ஆளு பேட்டரிக்குப் பதிலா டார்ச் லைட் செல்லு போட்டுத்தான் ரேஸ் ஓட்டினான். என் கடையிலதான் வாங்கிட்டுப் போனான். நாலு செல்லு, கூட ஒண்ணு இனாமா குடுத்தேன்.

உக்காருங்க, டீ ஆறட்டும். சாப்பாட்டு நேரம் முடியற வரைக்கும் அந்த டிராக் கேட்டைத் திறக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். உங்க சட்டையில இருக்கற கிரீஸைப் பாத்தே கேட்டேன், மெக்கானிக்கான்னு. பச்சை வண்டிதானே உங்களுது? காலையில பயிற்சி ஓட்டத்துல பாத்தேன். அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல இவன் கதையைக் கேளுங்க.

இவனுக்கு நாங்க வெச்ச பேரு இறகு. எடைன்னா பைத்தியம். வண்டி லேசா இருந்தா வேகமாப் போகும், அது சரி, யாரு இல்லைன்னா? ஆனா இவன் ராத்திரி பகலா அதே நினைப்பு. எடை குறைக்கறவன் எல்லாருக்கும் முதல்ல கண்ணுல படறது பேட்டரிதான் பாருங்க. சீட்டைக் கழட்டினா உக்கார முடியாது. முன் கண்ணாடியைக் கழட்டினா பூச்சி வாயில போகும். பேட்டரி என்ன, மூலையில கல்லு மாதிரி கிடக்கு. காலையில ஒரு தடவை வண்டியை எழுப்பி விடுது, அதுக்கப்புறம் அது இருக்கறதே யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல. தூக்கிப் போட்டா ஏன்னு கேக்க நாதி கிடையாது.

தூக்கிட்டான். பதினஞ்சு கிலோ பேட்டரியை எடுத்துட்டு ஸ்கூட்டர் பேட்டரி வெச்சான். அதுவும் கனமா இருக்குன்னுட்டு செல்லு. ஸ்டார்ட் எப்படி ஆகும்னு கேளுங்க. ஆகாது. நாங்கதான் தள்ளுவோம். தெருவே திரண்டு தள்ளும். அப்புறம் மொட்டை போட்டான். புருவத்தைச் சிரைச்சான். கை கடிகாரம், மோதிரம், எல்லாத்தையும் கழட்டிட்டான். மோதிரம் எங்கன்னு பொண்டாட்டி கேட்டதுக்கு, எடைன்னான். மறுநாள்லேருந்து தட்டுல பாதிச் சாப்பாடு. ஏன்னு கேட்டா, அந்தம்மாவும் எடைன்னாங்க.

சிரிக்காதீங்க, இனிமேதான் விஷயம் இருக்கு.

இவ்வளவும் பண்ணிட்டு டிராக்ல இறக்கினா, வண்டி இடது பக்கம் திரும்பவே மாட்டேங்குது. வலது பக்கம் வெண்ணெய் மாதிரி போகுது. இடதுன்னா அடம். என்னென்னவோ பண்ணிப் பாத்தான். ஒரு நாள் காலையில எங்கேருந்தோ ஒரு காக்கா வந்துச்சு. வந்து பானெட்டோட இடது ஓரத்துல, சரியா பழைய பேட்டரி இருந்த மூலைக்கு மேல உக்காந்துச்சு. இவன் விரட்டினான், போகல. சரி கிடன்னு வண்டியை எடுத்தான். அந்த இடது வளைவு இருக்கே, அதுல வண்டி தண்டவாளம் போட்ட மாதிரி திரும்புது.

ஏன் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா. ஓட்டறவன் வலது பக்கம் உக்காந்திருக்கான். அவனுக்கு ஈடா இடது பக்கம் இருந்தது அந்த பேட்டரி ஒண்ணுதான். அதை எடுத்துட்டான்னா இடது முன் சக்கரம் பேருக்குத்தான் ரோட்டைத் தொடும். காக்கா வந்து உக்காந்ததும் அந்தச் சக்கரத்துக்குத் தரைன்னு ஒண்ணு கிடைச்சுது.

அப்புறம் என்ன, காக்காவுக்கு ராஜ மரியாதை. பிஸ்கட்டு, முறுக்குன்னு ஊட்டி வளத்தான். அது மொட்டை அடிக்கச் சம்மதிக்கல, அது ஒண்ணுதான் அவனுக்குக் குறை. கடைசியில அது எப்படிப் பழகிடுச்சுன்னா, வலது வளைவு வந்தா தானா நடந்து இந்தப் பக்கம் வரும். இடது வளைவு வந்தா அந்தப் பக்கம் போகும். பந்தயத்தன்னைக்கு எடை பாக்கற ஆபீசர், காக்காவையும் சேத்துத்தான் எடை போடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. போட்டாரு. முதலாவதா போயிட்டிருந்தான் தலைவரே. கடைசிச் சுத்துல எவனோ ஒரு படுபாவி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பிஸ்கட்டு தின்னுக்கிட்டிருந்தான். காக்கா பாத்துடுச்சு.

நேரா அந்தப் பழைய டயர் அடுக்கின சுவத்துல போய் விட்டான். கண்ணைத் திறந்ததும் முதல்ல என்ன கேட்டான்னா, காக்காவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு.

எங்க எந்திரிக்கறீங்க? இருங்க. நல்லா சிரிச்சீங்க, சந்தோஷம். ஆனா உங்க பச்சை வண்டியிலயும் காக்கா இல்ல தலைவரே. அதைச் சொல்லத்தான் உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

விளையாடல. அதோ தெரியுது பாருங்க, அந்த இடது வளைவு. காலையில உங்க வண்டி அங்க பிரேக் பிடிக்கறப்ப எல்லாம் இடது முன் டயர்லேருந்து ஒரு கீத்து புகை வருது. சக்கரம் சுத்தாம அப்படியே நின்னு தேயுது. வண்டி திரும்பறதுக்குப் பதிலா நேரா போகப் பாக்குது. ரெண்டு தடவை வெளிக்கோடு வரைக்கும் போய் எப்படியோ சமாளிச்சு வந்துச்சு. காலையில ரோடு காலி, சமாளிச்சாச்சு. மத்தியானம் பக்கத்துல இன்னொரு வண்டி ஒட்டிக்கிட்டு வந்தா? உள்ள இருக்கற பொண்ணு எங்க போகும்? அந்த டயர் சுவரு தெரியுதில்ல, அங்கதான்.

பேட்டரி மாத்தியிருக்கீங்க, சரியா? யாரும் சொல்லலீங்க. ஸ்டார்ட் ஆகற சத்தமே வேற. பழைய பேட்டரி தொண்டையைச் செருமிட்டுப் பேச ஆரம்பிக்கற பெரிய மனுஷன் மாதிரி. புதுசு வெடுக்குனு பேசும். காலையில உங்க வண்டி வெடுக்குனுச்சு. நாலு கிலோ இருக்குமா? மூணரையா. பலே. அதை மாத்தினதும் மொத்த எடை விதிக்குக் கீழ போயிடுச்சு, ஆபீசர் கூடாதுன்னுட்டாரு, நீங்க ஒரு இரும்புத் தட்டை வெச்சு ஈடு கட்டினீங்க. பின்னாடி, வலது பக்கம். வலது பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல் நுழையற இடம் கூட இல்ல, நான் வேலியிலேருந்தே பாத்துட்டேன். அங்க ஏன் வெச்சீங்கன்னும் சொல்லட்டுமா? போல்ட் ஓட்டை அங்கதான் ரெடியா இருந்துச்சு.

இதுல வெக்கப்பட என்ன இருக்கு, அவசரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க. நானும் செஞ்சிருப்பேன்.

ஆனா என்ன ஆச்சு பாருங்க. இடது முன்னாடி இருந்த எடையை எடுத்து வலது பின்னாடி வெச்சிருக்கீங்க. ஓட்டற பொண்ணும் வலது பக்கம். இடது முன் சக்கரம் அநாதையாயிடுச்சு. பேட்டரியைச் சின்னதாக்கினதுல உங்களுக்கு லாபம் எடை குறைஞ்சது இல்ல, எப்படியும் தட்டை வெச்சு அதை ஏத்திட்டீங்களே. லாபம் என்னன்னா, அந்த எடையை இப்ப உங்க இஷ்டத்துக்கு வெக்கலாம். அந்தத் தட்டைக் கழட்டி, இடது பக்கம், பக்கத்து சீட்டு ஆளு கால் நீட்டற தரையில, எவ்வளவு முன்னாடி முடியுமோ அவ்வளவு முன்னாடி வைங்க. தாழ்வா. போல்ட் நல்லா முறுக்கி, ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க. பந்தயத்துக்குள்ள முடிஞ்சுடும். புகை நின்னுடும். நிக்கலேன்னா நான் இனிமே வாயே திறக்கல.

எதிர் கோஷ்டியா? நானா? என் சட்டைக் கையைப் பாருங்க, இந்த ஓட்டை எல்லாம் ஆசிட் பட்டது. பேட்டரிக் கடை வெச்சிருந்தேன். இப்ப கடை பூட்டிக் கிடக்கு, மாடியில நான் இருக்கேன். பேச்சுத் துணைக்கு ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கு. அதுவும் பாதி பேச்சுல நின்னு போயிடுது. அதனாலதான் உங்களை மாதிரி ஒரு நல்ல காது கிடைச்சா விட மாட்டேங்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க.

கேலரிக்கா? வேணாங்க. அங்க நிழல் இருக்கு, நாற்காலி இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா அங்க உக்காந்தா டிராக்லேருந்து ஆளைப் பாக்கலாம். இங்க இந்த டீக்கடைத் தட்டிக்குப் பின்னாடி நின்னா, எனக்கு அந்த ஒரு வளைவு தெரியும், அங்கேருந்து என்னைத் தெரியாது. போதும் எனக்கு. வண்டி வரும், திரும்பும், போயிடும். அப்புறம் அடுத்த சுத்து வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான்.

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, அந்தப் பொண்ணு பிரேக்ல கால் வெக்கறதுக்கு முன்னாடி தலையை லேசா இடது பக்கம் சாய்க்கும். ஹெல்மெட் போட்டிருந்தாலும் தெரியும். சின்ன வயசுல கடையில பேட்டரி தூக்கறப்பவே அப்படித்தான். நேரா நின்னு தூக்கும்மான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

ஆமா. என் பொண்ணுதான்.

அப்பா ரேஸ் பக்கமே வர மாட்டாரு, பயந்த சுபாவம்னா சொல்லியிருக்கா உங்ககிட்ட? பாவம், சரியாத்தான் சொல்லியிருக்கா. முன்னாடி வந்துக்கிட்டிருந்தேன். அதே வளைவுல, வேலியைப் பிடிச்சுக்கிட்டு முன் வரிசையில நிப்பேன். ஒரு நாள் பந்தயம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, ஷூ கூட கழட்டாம உக்காந்தா. அப்பா, நீங்க அங்க நிக்கறதைப் பாத்தா என் கால் தானா பிரேக்குக்குப் போகுதுப்பா, வண்டியில ரெண்டு பேர் உக்காந்திருக்கற மாதிரி இருக்குன்னா. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அழுதுடுவா போல இருந்தா. சரிம்மா, வரல, சத்தியம்னேன்.

சத்தியத்துக்கு எனக்கு என்ன பஞ்சம்.

பந்தயம் முடிஞ்ச சாயங்காலம் போன் பண்ணுவா. ரெண்டு நிமிஷம் பேசுவா. நான் அப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரி குரலை வெச்சுக்குவேன். போன தடவை இதே வளைவுல மண்ணுல இறங்கி நின்னாளே, நீங்க எல்லாம் ஓடினீங்களே, நான் இங்கதான் நின்னேன், இதே மாதிரி டீ கிளாஸு கையில. அவ தானா இறங்கி நடக்கற வரைக்கும் கிளாஸைக் கீழ வெக்கல. சாயங்காலம் போன் வருது. நல்லா போச்சுப்பா, நாலாவதா வந்தேன்னா. அப்படியாம்மா, ரொம்ப சந்தோஷம்னேன். என் ரத்தம், பொய் வராம இருக்குமா. ஆனா ரொம்ப கூச்சப்பட்டுச் சொல்றா. நாலாவதாம். நானா இருந்தா முதல் இடத்துக்குக் குறைஞ்சு வந்திருக்க மாட்டேன்.

நீங்களே அவகிட்ட சொல்லலாமேன்னா எப்படிங்க சொல்றது? வீட்ல தூங்கிக்கிட்டிருந்த ஆளுக்கு இடது டயர்ல புகை வர்றது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிஞ்சுதுன்னா இந்தத் தட்டி ஓட்டையும் எனக்கு இல்ல. அதைக் கூட விடுங்க. அந்த வளைவு வந்தா, அப்பா எங்க நிக்கறாருன்னு அவ கண்ணு தேடும். தேடற நேரத்துல வண்டி எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்.

கேட்டைத் திறந்துட்டாங்க. போங்க, போங்க. கிளாஸை அப்படியே வைங்க, நான் குடுத்துக்கறேன். ஸ்பேனர் கையில இருக்கறப்ப கேப்பா, இது யாரு யோசனைன்னு. அவ கேக்காம விடற ரகம் இல்ல. எனக்கே தோணுச்சுன்னு சொல்லுங்க. கனவுல வந்துச்சுன்னு சொல்லுங்க. டீக்கடையில யாரோ கிழவன் உளறினான்னு மட்டும் வேணாம், எந்தக் கிழவன்னு கேப்பா.

அப்புறம் தலைவரே, ஒரு நிமிஷம். வேற எதை வேணா சொல்லுங்க, அவகிட்ட காக்கா கதையை மட்டும் எடுத்துடாதீங்க. சின்னதுல அதைச் சொன்னாத்தான் தூங்குவா.