தள்ளிப்போன தீர்ப்பு

திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறியதும் எதிர் சீட்டுக்காரர் மனைவியிடம், “கேஸு தள்ளிப்போச்சு, சந்தோஷமா கீது” என்றார். அயனம்பாக்கத்தில் அவருடைய ஆட்டோ வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்து, விஷயம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. மனைவி வெளியிலேயே காத்திருந்தாராம்.

“தள்ளிப்போனதுக்கா சந்தோஷம்?” என்று கேட்டார் மனைவி.

“நானே வண்டிய தண்ணில ஓட்னேன்னு அவுங்க வக்கீல் ஒரு ரிப்போர்ட் குடுத்தாரு. ‘இத இவருக்குக் காட்டினீங்களா’ன்னு ஜட்ஜம்மா கேட்டாங்க. இல்லன்னாரு. எனக்கு ஒரு காப்பி குடுக்க சொல்லி, நான் படிச்சு பதில் சொன்னப்புறம்தான் தீர்ப்புன்ட்டாங்க.”

“இன்னா சொல்லப்போற?”

“வாசல்ல நின்னுகினு இருந்த வண்டின்னு.”

“நானும் உள்ள வந்து சொல்றேன். இடுப்பளவு தண்ணில உன்கூட சேந்து அத மேட்டுக்குத் தள்ளப் பாத்தவ நான்தானே.”

அவர் ரிப்போர்ட்டை எடுத்து மனைவியின் மடியில் வைத்தார். “அப்ப நீயும் படி.”