ஃபியூஸ் இருந்த இடத்தில்

அறையில் இருந்தவர்கள்: சர்வீஸ் மேனேஜர், கார் கம்பெனி அனுப்பிய இன்ஸ்பெக்டர், கார் கொண்டு வருபவர்களிடம் பேசிச் சமாளிக்கும் வேலையில் இருக்கும் நான். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள், எரிந்துபோன காரின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுத்த செப்புக் கம்பித் துண்டு. அதை முறுக்கி வைத்தவன் நான். மற்ற இருவருக்கும் அது தெரியாது. காரின் சொந்தக்காரரிடம் பேசச் சொல்லி மேனேஜர் போனை என் பக்கம் தள்ளினார்.

ஹலோ... அக்கா, நான்தான், சர்வீஸ்லேர்ந்து... ஆமா, ஆமா, கார் விஷயமாத்தான்... இல்லக்கா, ரெடியாகல. உக்காந்திருக்கீங்களா... சும்மாதான் கேட்டேன்.

வாரண்டி தர மாட்டேங்கறாங்க... ஆமா, மொத்தமா. வயரிங் பூரா மாத்தணும், அது உங்க செலவுன்னு... திட்டுங்க, நல்லா திட்டுங்க. ஆனா முழுசா சொல்லிடறேன்.

ஃபியூஸுக்குப் பதிலா அங்க ஒரு செப்புக் கம்பி இருந்திருக்கு... கம்பிக்கா, சாதாரணக் கம்பி. ஃபியூஸா இருந்தா அது மட்டும் போயிருக்கும். இது போகல, வயரிங் எரிஞ்சிடுச்சு... ஆமா, ஆமா, நல்லவேளை, நிறுத்தி வெச்சிருந்தப்ப எரிஞ்சுது... அம்மா உள்ள உக்காந்திருந்தா... அதச் சொல்லாதீங்கக்கா.

யாரு வெச்சாங்களா... வெளியாள் யாரோ கை வெச்சிருக்காங்கன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கு.

மேனேஜர் தலையை ஆட்டினார்.

இல்லக்கா, எங்க ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க... ஆமா, நான் சொல்றேன்.

அன்னிக்கா... ஞாபகம் இருக்கே. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்லயே நின்னுட்டிருந்தீங்க... ஆமா, நான்தான் அவசரமா முடிச்சுக் குடுத்தேன்... கடவுள் மாதிரில்லாம் ஒண்ணுமில்லக்கா. வேலதான.

நான் சொன்னா போதுமா... அப்படி நம்பாதீங்க. வேணும்னா கம்பெனிமேல கேஸ் போடுங்க... ஏன் வேணாங்கறீங்க... யாரு? உங்க தம்பியா?

இல்லக்கா. இருங்க, இருங்க. அவரு கார்ப் பைத்தியம்தான், எப்பவும் பானெட்டுக்குள்ளதான் தலைய விட்டிருப்பாரு, அதுக்காக... தெரியும், கார் வெச்சிருக்கறவங்க குரூப்ல எங்க கம்பெனிய தெனமும் கிழிச்சுத் தொங்கவிடறாரு. எங்க மேனேஜர் டீயோட சேத்து அதத்தான் படிக்கறாரு... அக்கா, அவரு வெக்கல. எப்படித் தெரியுமா... ஃபியூஸ் பெட்டியத் திறந்து பாக்கலாமான்னு எங்கிட்ட வந்து கேட்டாரு. தொட்டா வாரண்டி போயிடும்னு நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம் விரல்கூட வெச்சிருக்க மாட்டாரு, அப்படிப்பட்ட ஆளு... உங்க வீட்லயே இருந்து உங்க சோத்தத் தின்னுட்டுப் பொய் சொல்றாரா... அக்கா, அப்படிப் பேசாதீங்க. அவரக் கூப்பிடாதீங்க. போன வெக்காதீங்க... அக்கா?

போனை எங்கோ பலகைமேல் வைத்துவிட்டார். கத்தல் கேட்டது. பதிலுக்கு ஓர் ஆண் குரல், பாதியில் அறுந்தது. பிறகு எதையோ தரையில் இழுக்கும் சத்தம். மேனேஜர் என்னவென்று சைகையில் கேட்டார். தன் தம்பியைத்தான் சந்தேகப்படுகிறார் என்றேன். தலைவலி விட்ட முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார்.

அக்கா... லைன்ல இருக்கீங்களா... அவரோட துணிப் பெட்டியத் தூக்கி வெளிய போடாதீங்க... அக்கா, அது நான். நான்தான் வெச்சேன். அன்னிக்கு ஃபியூஸ் ஸ்டாக் இல்ல, நீங்க கேட்ல நின்னீங்க. மாத்திட்டேன்னு பொய் சொன்னேன். ஒரு வாரத்துல கூப்பிட்டு மாத்திடலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன்... மறக்கலக்கா. கூப்பிட்டா கேள்வி கேப்பீங்களேன்னு விட்டுட்டேன்... கேக்குதா?

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. மேனேஜர் சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார். கேட்க வேண்டியவரைத் தவிர எல்லோரும் கேட்டுவிட்டார்கள். போனில் ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள். பிறகு செருப்புச் சத்தம் நெருங்கியது.

ஆ, இருக்கேன்க்கா... போயிட்டாரா... நான் பேசினது எதுவுமே கேக்கலயா... இல்ல, நிம்மதியா இருக்காதீங்க. மொதல்ல போய்க் கதவத் திறங்க... ஏன்னா அந்தக் கம்பிய—

லைன் அறுந்தது. மேனேஜரின் விரல் போனின்மேல் அழுந்தியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கம்பி இருந்த உறையை மேனேஜர் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டார். என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, கதவைத் திறந்து பிடித்தார்.

வெளியே வந்தேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே சாவி திரும்பியது.