சிந்திக்கிறவன் அசைவதில்லை

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, தாளம் கேட்டு ஒரு விரலைக்கூட அசைக்காத ஒரே ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். எழுத்தர் அக்கா தட்டச்சுக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். முதல் வரி கொஞ்சம் கனமாக இருந்தால் வாக்குமூலத்துக்கு ஒரு மரியாதை என்று பார்த்தேன். டீ நன்றாக இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்தபோது என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். "மாமா போயிட்டாருன்னு மனசு ஒடைஞ்சு என்னென்னமோ பேசறான், யாராவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்றீர்கள். அம்மா அழுதுகொண்டே கூட்டிக்கொண்டு போனாள். நான் போய்த் தூங்கி, குளித்து, சாப்பிட்டு, மனசு துளியும் உடையாமல் திரும்பி வந்திருக்கிறேன். இந்தத் தடவை முழுக்கக் கேளுங்கள்.

என் மாமா, அம்மாவின் தம்பி, தன் மகளுடைய கல்யாண வரவேற்பில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். எல்லாரும் விபத்து என்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஒருபடி மேலே போய், "பாட்டு போட்ட பையனுக்கு அனுபவம் பத்தாது, பாவம்" என்கிறார்கள். அந்தப் பையன் நான்தான். பாவம் என்றால்கூடப் பரவாயில்லை. அனுபவம் பத்தாது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆட வைக்கும் பாட்டு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பொருள் வேண்டாம், இருந்தால் இடைஞ்சல். வா, போடு, தூக்கு, இறக்கு என்று நாலு கட்டளை போதும், மூட்டை இறக்கும் இடத்தில் மேஸ்திரி கத்துவது மாதிரி. கூலி கிடையாது. ஆனாலும் ஜனங்கள் சொன்னபடி செய்வார்கள். எங்கள் கல்லூரி முதல்வர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. போன ஆண்டு விழாவில் ஒரு பாட்டு நடுவே வேகம் பிடித்ததும் அவருடைய இடது தோள் மட்டும் தனியாகத் துள்ள ஆரம்பித்தது. வலது கையால் அதைப் பிடித்து அமுக்கினார். அடுத்த வரியில் வலது தோளும் கட்சி மாறிவிட்டது. வேதியியல் துறைத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டு, ஆற்றைக் கடக்கப் போகிறவர் மாதிரிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். முப்பது வருஷம் படித்த படிப்பு அன்றைக்குப் போன இடம் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் பாட்டுப் போடும் மேஜைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு விழாவுக்குப் போய்ப் பாருங்கள், மேடம். ஓரமாக நின்றால் கையைப் பிடித்து இழுப்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை வாங்கி வைத்துவிட்டு இழுப்பார்கள். கழிவறையில் ஒளிந்தால் கதவைத் தட்டி, "என்னடா, வெக்கமா?" என்பார்கள். பாட்டுப் போடுகிறவனை மட்டும் யாரும் தொடுவதில்லை. கோயில் குளத்தில் குளிக்காமல் தப்பிக்க வேண்டுமானால் படிக்கட்டில் துணிக்குக் காவல் உட்கார வேண்டும். அந்தக் கணக்குதான்.

தொழிலில் இருக்கிற ஒரே ரகசியம் இதுதான். ஜனங்களை ஆட வைப்பது பாட்டு அல்ல; பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் இருப்பது. அந்த இரண்டு நொடி மௌனம் வந்தால்தான் மனுஷனுக்குத் தன் மூட்டு ஞாபகம் வரும். தாகம் வரும். வயசு ஞாபகம் வரும். நாற்காலி கண்ணில் படும். ஒரு பாட்டு முடிவதற்குள் அதன் வால் மேலேயே அடுத்த பாட்டின் தலையை வைத்துத் தைத்துவிட்டால், உட்காருவது என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கூடவே வேகத்தையும் மயிரிழை மயிரிழையாக ஏற்றலாம். யாருக்கும் தெரியாது. கால் மட்டும் கண்டுபிடிக்கும். கால் புகார் கொடுக்காது.

மாமாவுக்கு வருகிறேன். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. நின்றுபோனதை ஓட வைத்து ஓட வைத்து, எது சும்மா நின்றாலும் பொறுக்காத குணம் வந்துவிட்டது. வீட்டு விசேஷங்களில் சும்மா நின்றது நான் ஒருத்தன்தான். "டேய் கட்டை, ரெண்டு ஸ்டெப்பு போடுடா, சொத்தா எழுதிக் கேக்கறேன்" என்பார். ஒன்பது வயதில் என்னை மேஜை மேல் ஏற்றிவிட்டார். நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்று அம்மா சொல்வாள்; அது அவளுடைய கருத்து. "துணிக்கடை பொம்மைகூட காத்தடிச்சா ஆடும்" என்றார் மாமா. சபையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் கட்டை என்று பெயர். மாமா கெட்டவர் இல்லை. எனக்குக் கல்லூரியில் இடம் வாங்க என்னோடு அலைந்தவரே அவர்தான். இதையும் தட்டச்சில் அடித்துக்கொள்ளுங்கள் அக்கா, ஒருதலைப்பட்சமாக இருக்கக் கூடாது.

போன வருஷம் கல்லூரி மலரில் ஒரு கட்டுரை எழுதினேன். ஆட்டப் பாட்டுகள் மனித மூளைக்குச் செய்யும் கேடு பற்றி. தலைப்பே முதல் வரி: 'சிந்திக்கிறவன் அசைவதில்லை, அசைகிறவன் சிந்திப்பதில்லை.' கல்லூரியில் ஒருவரும் படிக்கவில்லை. உலகத்தில் அதைக் கடைசி வரி வரை படித்த ஒரே வாசகர் மாமா. அத்தையின் பிறந்தநாளன்று கூட்டத்தின் நடுவே நின்று, "நம்ம கட்டை எழுதியிருக்கான், எல்லாரும் வாயை மூடிட்டுக் கேளுங்க" என்று சத்தமாக வாசித்தார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முதல் வரியை வாசித்தவர் நிறுத்தினார். தலையைச் சாய்த்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"டேய், இதுல பீட்டு இருக்குடா."

பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்ட ஆரம்பித்தார். சிந்திக்கிறவன், அசைவதில்லை. அசைகிறவன், சிந்திப்பதில்லை. 'அசைவதில்லை' வரும்போதெல்லாம் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். வீடே எழுந்து ஆடியது. என் கட்டுரைக்கு, மேடம். மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கு. அம்மா ஆடினாள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த பெரியப்பா உட்கார்ந்தபடியே ஆடினார். யாரோ அதைப் பதிவுசெய்து குடும்பக் குழுவில் போட, மாமாவின் குரலில் என் வரி பாதிப் பேருக்கு அழைப்புமணி ஆகிவிட்டது. யாருக்கு ஃபோன் வந்தாலும் அது முதலில் என்னைக் கேலி செய்யும், பிறகுதான் எடுப்பார்கள்.

ஆறு மாதம் கழித்து மாமாவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். நடக்கலாம், குதிக்கக் கூடாது என்றார் மருத்துவர். மீனிடம் நீந்தாதே என்பது மாதிரி.

கல்யாணம் நிச்சயமானதும் அத்தை என்னைத் தேடி வந்தாள். வேறு யாரிடமும் போகவில்லை. "உங்க மாமாவை யாராலயும் கட்டிப்போட முடியாது. வெளியாள் கையில பாட்டைக் குடுத்தா மனுஷனை ஆடவெச்சே கொன்னுடுவான். உனக்குத்தான் இந்தக் கருமமே புடிக்காதே, நீயே போடுடா. ரெண்டு பாட்டு வேகமா போட்டா மூணாவதை மெதுவா போட்டு உக்கார வெச்சுடு. ஏதாவது ஒண்ணுன்னா நான் தூரத்துலேருந்து கையைத் தூக்கறேன். உடனே நிறுத்திடு."

"சரி அத்தை" என்றேன்.

"நீ இருக்கேங்கற தைரியத்துலதான் நான் வர்றவங்களைக் கவனிக்கப் போறேன்" என்றாள்.

அத்தை போனதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குடும்பக் குழுவிலிருந்து மாமாவின் வாளிப் பாட்டை இறக்கினேன். பின்னணிப் பேச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் சுத்தமாக நீக்கினேன். வாளிச் சத்தத்துக்குக் கீழே ஒரு கனத்த தாள அடி சேர்த்தேன். மாமாவின் மூச்சு வாங்கும் சத்தம் நடுவில் இருந்தது. அதை மட்டும் எடுக்காமல் விட்டேன், தாளத்துக்கு உதவியது. வேலை அருமையாக வந்தது. அனுபவம் பத்தாது என்கிறவர்கள் அதை ஒருமுறை நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும்.

வரவேற்பு அன்று சாயங்காலம், அத்தை பார்த்துக்கொண்டிருந்தவரை சொன்னது சொன்னபடி செய்தேன். இரண்டு வேகம், ஒன்று மெது. மூன்றாவது பாட்டில் மாமா வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தார், அத்தை தண்ணீர் கொடுத்தாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிகள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்க, அவள் வாசலுக்குப் போனாள். நான் இடைவெளியை எடுத்துவிட்டேன்.

தைத்தேன், ஏற்றினேன். தைத்தேன், ஏற்றினேன். ஹால் முழுக்கக் கொதித்தது. நடுவில் மாமா. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கட்டத்தில் ஆடிக்கொண்டே நகர்ந்து என் மேஜைக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஜனங்கள் பார்க்கிறார்கள் அல்லவா.

"டேய், மெதுவா ஒண்ணு போடுடா. மூச்சு முட்டுது. நானா உக்காந்தா கெழவன் ஆயிட்டான்னு ஓட்டுவானுங்க. நீ பாட்டை மாத்துனா கௌரவமா உக்காந்துக்குவேன்."

கட்டை என்று கூப்பிடவில்லை. என் பெயரைச் சொல்லி, இன்னொரு தடவை கேட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து என் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

"இதோ மாமா" என்றேன். வாளிப் பாட்டைப் போட்டேன்.

மாமாவின் சொந்தக் குரல், நாலு ஸ்பீக்கரில். கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கத்தியது. அவருக்காகவே ஒரு வட்டம் திறந்தது. மணப்பெண் மேடையிலிருந்து ஓடிவந்து, "அப்பா, உங்க பாட்டுப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. செல்லமாக ஒரு 'மாட்டிவிட்டுட்டியேடா'. ஆட ஆரம்பித்தார்.

அத்தை வாசல் பக்கமிருந்து வந்தாள். கையைத் தூக்கினாள். ஒரு கை போதவில்லை என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். சுற்றி இருந்தவர்கள், அத்தையும் இறங்கிவிட்டாள் என்று விசில் அடித்தார்கள். இரண்டு சித்திகள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினார்கள். அவள் உதறினாள், அதுவும் ஒரு ஸ்டெப் ஆகிவிட்டது. நானும் அப்படித்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்பி, என் தலையைத் தடவிக் கொடுத்தாள். நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. கையைத் தூக்கினால் நிறுத்து என்று அர்த்தம். வேகத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

மாமா விழுந்ததையும் முதலில் புது ஸ்டெப் என்றுதான் நினைத்தார்கள். இரண்டு பேர் கூடவே விழுந்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

நான் உடனே பாட்டை நிறுத்தினேன். தொழில் ஒழுக்கம்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். மாமா பெண்ணை வேறொருத்தன் கட்டிக்கொண்டதாலா என்று உங்கள் காவலர் கேட்டார். தயவுசெய்து என்னை அந்த அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். மேஜை, பொம்மை, வாளி, இவையும் காரணம் அல்ல. அவ்வளவு சின்ன மனுஷன் இல்லை நான். என் கட்டுரையில் ஒரு வாதம் இருந்தது. தாளம் மனிதனை உயிர்ப் பயத்தைக்கூட மறக்க வைக்கும் என்று. அதற்கு ஆதாரம் இல்லை என்று ஆசிரியர் குழு அந்தப் பத்தியை வெட்டிவிட்டது. இப்போது ஆதாரம் இருக்கிறது. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரிலும் தாளத்துக்கு அடிமையாகாமல், முழு நிதானத்தோடு, யோசித்துச் செயல்பட்டது நான் ஒருவன் மட்டுமே.

என்ன மேடம், ஃபோனை எடுக்கிறீர்கள்.

ஓ, மணப்பெண்ணின் தோழி எடுத்த வீடியோவா. ஆமாம், இதுதான் ஹால். இது அத்தை. இது மாமா. மேஜைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையும் மேலே, ஒரு காலில் நின்று சுற்றுகிறானே, அது யார்.

அது ஸ்பீக்கர் அதிர்வு, மேடம். அதன் பக்கத்தில் நிற்கிறவன் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிவான்.

மாமா விழுந்துவிட்டார். எல்லாரும் குனிந்துவிட்டார்கள். பாட்டு இன்னும் ஓடுகிறதே. நான் உடனே நிறுத்தியதாகத்தான் எனக்கு ஞாபகம். அவன் இன்னும் நிறுத்தவில்லை. 'அசைவதில்லை' வரும் இடத்தில் இடுப்பைச் சரியாக வெட்டுகிறான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், மேடம். அதை இன்னொரு தடவை, முதலிலிருந்து போடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் நல்லது. எழுத்தர் அக்கா, இதை அடிக்க வேண்டாம். அந்த நாற்காலியை மட்டும் ஓரமாகத் தள்ளிக்கொள்ளுங்கள். இங்கே கால் வைக்க இடம் பத்தவில்லை.