குப்பை மூட்டைகளோடு இறங்கி வந்த வீராங்கனை

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நம் பனிச்சறுக்கு மையத்தின் மேலாளர் திருமிகு லாம்பர்ட் அவர்களே, துயரோடு கூடியிருக்கும் ஃபால்சன்டால் ஊர்ப் பெருமக்களே, மலைமேல் பாடுபடும் என் தோழர்களே! சறுக்குப் பாதைகளில் கொடிக்கம்பு நடும் கோர்பினியான் பேசுகிறேன்.

மீட்புப் படைத் தலைவி வால்புர்கா ஹாஸ்லாக்கர் அம்மையார் மறைந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழவில்லை. அவர் கையால் மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதி மண்டபம் தூக்கும். மீதிப் பாதி வெட்கப்பட்டுச் சும்மா இருக்கும்.

ஏன் வெட்கம்? சறுக்க வரும் விருந்தாளி விழுந்தால் விபத்து. நாம் விழுந்தால் மானக்கேடு. அப்படித்தானே இருந்தோம்? முழங்கால் கிழிந்தவன் மாட்டுத் தொழுவத்தில் வழுக்கியதாக டாக்டரிடம் சொன்னான். அந்தப் புத்தியை மாற்றியவர் அம்மையார். வேலை முடிந்து இறங்க அவர் நம்மைப் பழக்கிவிட்ட மாலை ரோப் காரை, மின்செலவைக் காட்டி நிறுத்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்போதெல்லாம் வேலை முடிந்ததும் பந்தயம் வைப்போம். முதுகில் சுமையோடு, களைத்த காலோடு, மங்கிய வெளிச்சத்தில் அடிவாரம் வரை சறுக்கிப் பாய்வோம். கடைசியாக வருபவர் எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும். ரோப் கார் அன்றும் ஓடியது. ஆனால் அதில் இறங்கியவை குப்பை மூட்டைகள்தாம். பந்தயத்தில் அம்மையாரை வென்றவர் உண்டா? எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

ஒரு நாள் மலைக்குடில் சமையல்காரர் செவெரின், காலி கேஸ் சிலிண்டரோடு பாய்ந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அம்மையார் சறுக்குவண்டியில் கிடத்தி இழுத்து வந்தார்.

"அக்கா, வீட்ல விழுந்தேன்னு சொல்லிடுக்கா. சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்டா. வேலையில விழுந்தேன்னு சொன்னாத்தான் இழப்பீடு வரும், உன் புள்ளைங்களுக்குச் சோறு."

மறுநாள் மாலை நாங்கள் எல்லோரும் பாய்ந்து இறங்கி, அவருக்காக அடிவாரத்தில் காத்திருந்தோம். டிரோல் மாநிலமே கொண்டாடிய வீராங்கனை, சறுக்குக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, குப்பை மூட்டைகளுக்கு நடுவில் ரோப் காரில் வந்து இறங்கினார்.

"என்னக்கா, மூட்டையோட மூட்டையா வர்ற? வயசாயிடுச்சா?" என்றான் எங்களில் ஒருவன்.

"மூட்டைதாண்டா. உடையாம வந்திருக்கேன் பாரு. சரி, என்ன குடிக்கிறீங்க?"

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோற்றார். தினமும் தோற்றார். சிரித்துக்கொண்டே தோற்றார். அவரைப் போல் வென்றவர்கள் இருக்கலாம். அவரைப் போல் தோற்றவர் யார்? வேலைக்குத் திரும்பிய செவெரின் முதலில் ரோப் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சமையலறைப் பெண்கள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான். இப்போது பந்தயத்துக்கு ஆளில்லை.

மேலாளர் அவர்களே, துக்கம் கேட்க வந்த இடத்தில் வழக்குப் பேசக் கூடாதுதான். அம்மையாராக இருந்தால் இங்கேயே பேசியிருப்பார். மாலை ரோப் கார் தொடர்ந்து ஓடுமா?

ஓடும் என்று தலையசைத்தீர்கள். மண்டபமே பார்த்தது. நன்றி.

தோழர்களே, ரோப் காரில் அம்மையாரின் இடத்தைக் காலியாக விட்டு மரியாதை செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். நாளை மாலை அதில் இன்னும் ஒருவர் உட்காரட்டும்.