வாட்ச் புடிச்ச அன்னைக்கு

— இங்கேயே உக்காருடா தம்பி. வார்டுக்குள்ள போகாதே. பாட்டுக்காரி புருஷன் உன்னப் பாத்தா அடிச்சாலும் அடிப்பான்.

— விரல ஒட்ட வச்சிட்டாங்களாக்கா?

— எத ஒட்ட வைக்கிறது? பிரெஸ் இறங்குனா தகரமே நசுங்கி டப்பா மூடியாயிடுது. விரல் எம்மாத்திரம்? அதுவும் வலது கை. இடது கையால சட்டைப் பட்டன் போடக்கூட வராது அவளுக்கு.

— அக்கா, நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். தடுப்புக் கம்பியத் தூக்கிக் கட்டுனது அவதான். கம்பி கீழ இருந்திருந்தா கை உள்ளயே போயிருக்காது. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதுவாங்க.

— ஏன் கட்டுனான்னு எழுதுவாங்களா? கம்பி இறங்கி ஏறுற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா, மணிக்கு இத்தன மூடின்னு நீ போட்ட கணக்குக்கு மூடி வராது. வரலைன்னா சூப்பர்வைசர் தலைமேல வந்து நிப்பான். எல்லாரும்தான் கட்டியிருக்கோம். நானுந்தான்.

— நீயுமா?

— பின்ன? என் கை மட்டும் என்ன, இரும்புலயா செஞ்சிருக்கு? பாட்டுக்காரின்னு அவளுக்குப் பேரு வந்ததே நாள் முழுக்கப் பாடிக்கிட்டே வேலை செய்யறதாலதான். உன் புதுக் கணக்கு வந்ததுலேருந்து வாயத் திறக்கல. மூச்சு விடவே நேரமில்ல, பாட்டு எங்கேருந்து வரும்?

— நான் நல்லதும் செஞ்சிருக்கேன்கா. தரையில கெடந்த தகரப் பெட்டிய கைக்கு எட்டுற மாதிரி மேல ஏத்தி வச்சது யாரு? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சது நின்னுச்சா இல்லையா?

— நின்னுச்சு. இல்லேங்கல. அன்னைக்கு உன்னத் தலையில தூக்கி வச்சு ஆடுனாங்க. இன்ஜினியர் என் தம்பின்னு நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தப் பெருமதான் என் புத்தியக் கெடுத்துச்சு.

— என்னக்கா சொல்ற?

— ஒரு மூடிக்கு எவ்வளவு நேரமாகுதுன்னு அளக்க வாட்ச் புடிச்சுக்கிட்டு ஆள் வந்தா, கைய அடக்கி, மெதுவாத்தான் செய்யணும். லைன்ல நேத்து சேர்ந்தவளுக்குக்கூட அது தெரியும். நீ என் மெஷின் பக்கத்துல வந்து நின்னதும் எனக்கு எல்லாம் மறந்துபோச்சுடா. உனக்குப் புது வேலை, மேனேஜர் வேற பாத்துக்கிட்டிருக்கான், என் தம்பி பேரு கெட்டுடக் கூடாதுன்னு பேய் மாதிரி அடிச்சேன். அந்த வேகத்தத்தான் நீ எல்லார் தலையிலயும் கட்டிட்ட.

— அக்கா...

— பாட்டுக்காரி அன்னைக்கே கேட்டா. ‘ஏன்டி இப்படிப் பறக்குற, நாளைக்கு நாங்களும் பறக்கணுமே’ன்னு. நான் சிரிச்சேன். இப்ப ஒருத்தியும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல.

— அழாதக்கா. எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டும். நாளைக்கு விசாரணையில நீ சொல்லிடு. அக்கா வேணும்னே வேகமா செஞ்சா, நான் ஏமாந்துட்டேன், கணக்கே தப்புன்னு சொல்லிடு. என்னைய வேலைய விட்டுத் தூக்கட்டும். பழிய மட்டும் அவ மேல போட வேண்டாம்.

— அப்படிச் சொன்னா நம்ப மாட்டாங்க. வேகமா செய்யற ஆள அளந்தா, மத்தவங்களுக்காக நேரத்தக் கூட்டிப் போடணும். எங்களுக்குச் சொல்லித் தர்ற முதல் பாடமே அதுதான்.

— அப்ப ஏன்டா கூட்டல? கூடப் பொறந்தவன் நீ. என் கை சாதாரணமா எப்படி ஓடும்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— மேனேஜருக்குக் கொறஞ்ச நேரந்தான் வேணும். வாட்ச் முன்னாடி வேற யாரும் வேகமா செய்ய மாட்டாங்க. எனக்காக நீ செய்வேன்னு தெரிஞ்சுதான்க்கா உன் மெஷின்கிட்ட வந்து நின்னேன்.